சாலைக்கும் துறைமுகத்துக்கும் பணம் எங்கிருந்து வருகிறது?



நான்குவழிச் சாலை வருகிறது, புதிய ரயில் பாதை வருகிறது, துறைமுகம் விரிவாகிறது என்று செய்தி வந்தால் நம் கடைத்தெருவில் முதல் பேச்சு மனை விலையைப் பற்றியதாக இருக்கும். அடுத்த பேச்சு, "எப்போது முடியும்?" என்பது. "இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கடைசியில் கட்டுவது யார்?" என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு மூட்டை உளுந்து வாங்க மூன்று இடத்தில் விலை விசாரிக்கிறோம். பல ஆயிரம் கோடி ரூபாய் வேலைக்கு ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அந்தப் பணம் முழுவதும் நம் கல்லாவிலிருந்தும் நம் வாடிக்கையாளரின் பையிலிருந்தும்தான் போகிறது. ஆகவே அதன் கணக்கை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

நம் ஊர் சொல்லும் பாடம்

தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-ஆம் ஆண்டு. அதன் பின் கொழும்பு செல்லும் பயணிகள் இங்கே வந்து கப்பல் ஏறினார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்குப் போகும் வழி ஏற்பட்டதும், அந்தப் போக்குவரத்து அங்கே போய்விட்டது. நம் ஊரில் ஒரு கல்லும் மாறவில்லை. வேறிடத்தில் கட்டிய பாலம் நம் வியாபாரத்தை மாற்றியது.

1906-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம். வணிகர்கள் பலர் பங்கு எடுத்தார்கள், இரண்டு கப்பல்களும் வந்தன. எதிரிக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. முதல் திரட்டுவது பாதி வேலைதான். அதைப் பல ஆண்டு நடத்திச் செல்லவும் பணம் வேண்டும் என்பது நம் கடற்கரை நூறு வருடத்துக்கு முன்பே கற்ற பாடம்.

பிறகு துறைமுகம். கரையோரம் ஆழம் இல்லாததால் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகளில் சரக்கை ஏற்றி இறக்குவார்கள். பெரிய துறைமுகம் கட்ட 1964-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அடிக்கல் நாட்டினார். 1974 ஜூலை 11-ஆம் தேதி அது நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இடையில் பிரதமர்கள் மாறினார்கள், மாநிலத்தில் ஆட்சியும் மாறியது.  ஆனாலும் வேலை முடிந்தது.

பணம் வரும் நான்கு வழிகள்

முதல் வழி, வரிப்பணம். பெட்ரோல், டீசல் விலைக்குள்ளேயே சாலைக்கென ஒரு தீர்வை அடங்கியிருக்கிறது. அதற்காக 2000-ல் மத்திய சாலை நிதிச் சட்டம் வந்தது. 2018-ல் அதன் பெயரில் 'உள்கட்டமைப்பு' என்பதும் சேர்க்கப்பட்டு, சாலை அல்லாத வேலைகளுக்கும் அந்த நிதி திறந்துவிடப்பட்டது. ஆகவே சுங்கச்சாவடி இல்லாத ரோட்டில் ஓடும் லாரியும் சாலைக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் ஓடுகிறது.

இரண்டாவது, கடன். சென்னை–கன்னியாகுமரி தொழில் வழித்தடத்துக்காக மாநில நெடுஞ்சாலைகளில் சுமார் 590 கி.மீ. மேம்படுத்த, ஆசிய வளர்ச்சி வங்கி 2021-ல் 48 கோடியே 40 லட்சம் டாலர் கடன் அளிக்க ஒப்புக்கொண்டது. இப்படிப்பட்ட கடனில் ஒரு நன்மை உண்டு: வேலை நடந்த அளவுக்குத்தான் பணம் வரும், கணக்கும் காட்ட வேண்டும். ஒரு பாரமும் உண்டு: டாலர் விலை ஏறினால் திருப்பிக் கட்டும் ரூபாயும் ஏறும். இறக்குமதிப் பருப்பு வாங்குகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, தனியார் முதல் போட்டுக் கட்டி, குறிப்பிட்ட ஆண்டுகள் சுங்கம் வசூலித்து, பிறகு அரசிடம் ஒப்படைப்பது. மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை இப்படி வந்ததுதான்.

நான்காவது, தனியாருக்குக் கட்டுப்படியாகாத வேலையில் துண்டு விழும் தொகையை மட்டும் அரசு கொடுப்பது. இதை இடைவெளி நிதி என்பார்கள். 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்ட நம் வெளித்துறைமுகத் திட்டத்தின் மதிப்பு சுமார் 7,056 கோடி ரூபாய். தனியார் பங்கும் இடைவெளி நிதியும் சேர்ந்த திட்டம் அது.

வழி எதுவானாலும் கட்டுகிறவர் இருவர்தான்: வரி கொடுப்பவர், அல்லது உபயோகிப்பவர். நாம் இரண்டு பட்டியலிலும் இருக்கிறோம்.

சுங்கம் கிலோவுக்கு எவ்வளவு?

தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் 2008-ல் வந்தவை. 2007-08-ஐ அடிப்படை ஆண்டாக வைத்து, நான்குவழிச் சாலையில் ஒரு கி.மீ.க்கு காருக்கு 65 பைசா, சிறு சரக்கு வண்டிக்கு ரூ. 1.05, இரண்டு அச்சு லாரிக்கு ரூ. 2.20 என்று நிர்ணயித்தார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் தேதி இதில் 3 சதவீதம் கூடும்; மொத்த விலைக் குறியீட்டெண் உயர்ந்த அளவில் 40 சதவீதமும் சேரும். நம் சரக்கு விலை ஏறினால் சுங்கமும் ஏறும் என்று பொருள்.

மதுரையிலிருந்து இங்கே சுமார் 128 கி.மீ. அடிப்படைக் கட்டணத்திலேயே கணக்குப் பார்ப்போம். பத்து டன் ஏற்றிய லாரிக்கு ஏறக்குறைய 282 ரூபாய். கிலோவுக்கு 3 பைசாவுக்கும் குறைவு. அதே தூரம் சிறு வண்டியில் 750 கிலோ கொண்டுவந்தால் சுமார் 134 ரூபாய். கிலோவுக்கு 18 பைசா. கட்டணம் இன்று எவ்வளவு ஏறியிருந்தாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது. சிறு கடைக்காரர் பெரிய கடைக்காரரைப்போல் ஆறு மடங்கு சுங்கத்தைச் சுமக்கிறார். ஒரே தெருவிலுள்ள நான்கைந்து பேர் சேர்ந்து கூட்டு லோடு போட்டால் இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி போய்விடும்.

இன்னொன்றும் இதில் தெரிகிறது. ஒரு லாரி வழியில் ஒரு நாள் நின்று, ஹால்டிங் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்து டன்னுக்குக் கிலோவுக்கு 20 பைசா. சுங்கத்தைவிடத் தாமதம்தான் நம்மை அதிகம் தின்கிறது. ஆகவே "சுங்கத்தை எடு" என்று கேட்பதோடு, "கொடுத்த சுங்கத்துக்கு ரோட்டைச் சரியாக வை" என்று கேட்பதும் அவசியம். 2025 ஜூன் மாதம், மதுரை–தூத்துக்குடி சாலையைச் சரியாகப் பராமரிக்காததால் எலியார்பத்தி, புதூர் பாண்டியாபுரம் சாவடிகளில் வசூலிக்கக் கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. அந்தத் தடையை உச்சநீதிமன்றம் அதே மாதம் நிறுத்திவைத்தது. வழக்கின் போக்கு எப்படியானாலும், பராமரிப்பும் கட்டணத்தின் ஒரு பகுதி என்ற பேச்சு நீதிமன்றம் வரை போனது நமக்கு முக்கியம்.

திருநெல்வேலி சாலையில் வல்லநாட்டுத் தாமிரபரணிப் பாலம், கட்டிச் சில ஆண்டுகளிலேயே பழுதாகி, ஒரு பக்கப் பாலத்தில் இரு பக்க வண்டிகளும் போன நாட்களை நாம் பார்த்திருக்கிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சாலையும் ரயிலும் அறுந்து, நம் மாவட்டக் கடைகளுக்குச் சரக்கு வராமல் போனதையும் பார்த்தோம். கட்டுவதற்கு ஒதுக்கும்போதே பழுது பார்ப்பதற்கும் ஒதுக்காவிட்டால் இதுதான் கதி.

பாதியில் நின்ற வேலைகள்

சேதுசமுத்திரத் திட்டம் 2005 ஜூலை 2-ஆம் தேதி மதுரையில் தொடங்கிவைக்கப்பட்டது. கால்வாயின் நீளம் 167 கி.மீ.; மதிப்பீடு சுமார் 2,427 கோடி. சமய நம்பிக்கை, கடல்வளம், மீனவர் பிழைப்பு, வருமானம் கட்டுமா என்ற சந்தேகம் எல்லாம் நீதிமன்றத்துக்குப் போயின. 2007-ல் தடை வந்தது. பிறகு தூர்வாரும் வேலையே நின்றது. யார் பக்கம் நியாயம் என்பது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. அந்தக் கேள்விகளுக்கு மண்வாரிக் கப்பல் வருமுன்பே விடை கண்டிருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். கடலில் போட்ட பணம் வட்டியும் தராது, முதலும் தராது.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குப் புதிய ரயில் பாதை 2011-12 ரயில்வே பட்ஜெட்டில் அனுமதி பெற்றது. நீளம் சுமார் 143 கி.மீ. பத்தாண்டுக்கு மேல் கழிந்து முடிந்தது மீளவிட்டான்–மேல்மருதூர் என்ற சிறு துண்டு. புதிய பாதைகளுக்கு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்குவதன் விளைவு இது. தமிழ்நாட்டின் சில புதிய பாதைகளுக்கு ஓர் ஆண்டில் தலா 1,000 ரூபாய் மட்டுமே ஒதுக்கியதும் உண்டு. பெயர் கணக்கில் இருக்க வேண்டும் என்பதற்காக. அதற்குள் நிலத்தின் விலை ஏறுகிறது. 2014-ல் நடைமுறைக்கு வந்த புதிய நிலம் கையகச் சட்டத்தில் நில உரிமையாளருக்கு இழப்பீடு கூடியது, அது நியாயமும்கூட. ஆனால் தாமதமான திட்டம் அதே நிலத்தை அதிக விலைக்கு வாங்க வேண்டியதாகிறது.

பார் பார்த்த பிறகே குளிப்பு

திட்டமிடுவது நமக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் எடுத்த எடுப்பில் குளிப்பை அறிவிக்க மாட்டார்கள். முதலில் பார்களைச் சோதித்து, சிப்பி முதிர்ந்ததா, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, மாதிரிச் சிப்பி எடுத்து முத்துக்கு மதிப்புப் போடுவார்கள். கட்டும் என்று தெரிந்த பிறகே வியாபாரிகளுக்கு அறிவிப்பு. சிப்பி இல்லாத ஆண்டில் குளிப்பும் இல்லை.

இன்று விரிவான திட்ட அறிக்கை என்பதும் அதுதான். எத்தனை வண்டி போகும், எவ்வளவு நிலம் வேண்டும், எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தமிழக அரசு 2012-ல் வெளியிட்ட தொலைநோக்கு ஆவணம் 2023-க்குள் 15 லட்சம் கோடி ரூபாய் முதலீடு என்று எழுதியது. அதே ஆண்டு உள்கட்டமைப்பு மேம்பாட்டுச் சட்டமும் வந்தது. எழுதிவைப்பது நல்லதே. எந்த ஆண்டுக்கு எந்த வேலை, எந்தக் கணக்கிலிருந்து பணம் என்ற விவரம் கூடவே வந்தால்தான் அது திட்டம். இல்லாவிட்டால் வெறும் விலைப்பட்டியல்.

நம் சங்கம் கேட்க வேண்டியவை

ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டதும் சங்கத்தின் சார்பில் கலெக்டருக்கும், எம்.பி., எம்.எல்.ஏ.வுக்கும் ஐந்து கேள்விகளை எழுத்தில் அனுப்பலாம்.

1. வரி, கடன், சுங்கம், இடைவெளி நிதி – எதில் எவ்வளவு?
2. நிலத்தில் எத்தனை பங்கு கைக்கு வந்திருக்கிறது?
3. இந்த ஆண்டு பட்ஜெட்டில் உண்மையில் ஒதுக்கிய தொகை எவ்வளவு?
4. பராமரிப்புக்குத் தனிப்பணம் உண்டா? பொறுப்பு யாருக்கு?
5. சுங்கம் உண்டென்றால் எத்தனை ஆண்டு, எந்த இடத்தில்? (ஒரே சாலையில் அடுத்த சாவடி பொதுவாக 60 கி.மீ.க்குள் இருக்கக் கூடாது என்பது 2008 விதி.)

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். பதில்களை ஒரு கோப்பில் சேர்த்து வைத்து, ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கடையில் பேரேடு எழுதுகிற நமக்கு இது கடினமான வேலை அல்ல.

வெளித்துறைமுகம் நம் கண்முன் எழப்போகும் பெரிய வேலை. அது 1964-ல் தொடங்கி 1974-ல் முடிந்த துறைமுகத்தைப்போல் ஆகுமா, 2005-ல் தொடங்கி நின்ற கால்வாயைப்போல் ஆகுமா என்பது ஆண்டுதோறும் வரும் பணத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்கை இப்போதே எழுதத் தொடங்குவோம். அடுத்த மாதக் கூட்டத்தில் இதற்கென ஒரு சிறு குழு அமைக்கலாம் என்பது என் யோசனை. உறுப்பினர்கள் தங்கள் கருத்தைச் சங்க அலுவலகத்துக்கு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.