ஏஜெண்டைத் தேடாதீர்கள், கடப்பிதழைத் தேடுங்கள்

இரவு பத்தரை மணி. பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகம். அடுக்களையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவரைக் குடிநுழைவுத் துறை அதிகாரிகள் லாரியில் ஏற்றிச் சென்றுவிட்டார்கள். கிள்ளானில் இருக்கும் அண்ணனுக்குச் செய்தி போகிறது. அவர் முதலில் தேடுவது ஓர் ஏஜெண்டை. “மூவாயிரம் வெள்ளி கொடுங்க, நாளைக்கே ஆளை வெளியே எடுத்துடலாம்.” பணம் போகிறது, தம்பி வரவில்லை.

நம்மில் பலருக்குப் பழகிய கதைதான். போன பணத்தைவிடப் பெரிய இழப்பு, ஏஜெண்டை நம்பிக் காத்திருந்த நாள்கள்.

கைது செய்யப்பட்ட எவருக்கும் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க விட வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி தரும் இந்த உரிமை குடிமக்களுக்கு மட்டுமல்ல, வெளிநாட்டவருக்கும் உண்டு. காலக்கெடுவில்தான் வேறுபாடு. குடிமகனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குடிநுழைவுச் சட்டத்தின்கீழ் பிடிபட்ட வெளிநாட்டவருக்கு அந்தக் கெடு 14 நாள். குடும்பம் ஓடியாட வேண்டிய காலம் இதுதான்.

முதலில் ஆள் எங்கே என்று கண்டுபிடியுங்கள். முழுப் பெயர், கடப்பிதழ் எண், பிடிபட்ட இடம், நேரம் ஆகியவற்றோடு குடிநுழைவு அலுவலகத்தில் விசாரியுங்கள். இந்த வட்டாரத்தில் பிடிபடுகிறவர்கள் புக்கிட் ஜாலில், செமினி போன்ற தடுப்பு முகாம்களுக்குக் கொண்டுபோகப்படலாம்.

அடுத்தது, கடப்பிதழ். பெர்மிட் செல்லுபடியாக இருந்தும், கடப்பிதழ் முதலாளியின் பெட்டியில் பூட்டிக் கிடப்பதால் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அனுமதியின்றி அடுத்தவர் கடப்பிதழை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். மூலக் கடப்பிதழையும் பெர்மிட்டையும் உடனே அதிகாரிகளிடம் காட்டச் சொல்லி முதலாளியை வற்புறுத்துங்கள்.

பெர்மிட் காலாவதியானவருக்கும் கடப்பிதழ் முக்கியம். 1959/63 குடிநுழைவுச் சட்டத்தில் இரண்டு குற்றங்களை நாம் பிரித்தறிய வேண்டும். அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைந்தால் 6ஆவது பிரிவு: 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும், அதற்கு மேல் 6 பிரம்படி வரை. முறையாக வந்து, காலம் கடந்து தங்கினால் 15ஆவது பிரிவு. இதிலும் அபராதமும் சிறையும் உண்டு, பிரம்படி இல்லை. முறையாக வந்தவர் என்பதற்குச் சான்று, கடப்பிதழில் உள்ள விசாவும் நுழைவு முத்திரையும்தான். அது கையில் இல்லாதவர் மீது 6ஆவது பிரிவு பாயக்கூடும்.

ஆகவே, நீதிமன்றத்தில் வாசிக்கப்படும் குற்றச்சாட்டு எந்தப் பிரிவில் என்று புரியாமல் தலையாட்டிவிடக் கூடாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். வழக்கறிஞருக்கு வசதியில்லை என்றால், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகிப் பாருங்கள்.

தூதரகத்துக்கும் தெரிவியுங்கள். தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது விதிப்படி, பிடிபட்டவர் தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தரும்படி கேட்கலாம். தூதரக அதிகாரிகள் அவரைப் போய்ப் பார்க்கலாம். கடப்பிதழ் தொலைந்திருந்தால், ஊர் திரும்ப அவசரப் பயணப் பத்திரம் தர வேண்டியதும் தூதரகமே. தண்டனை முடிந்த பிறகும் நாடு கடத்தப்படும்வரை முகாமில் வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. பயணப் பத்திரமும் விமான டிக்கெட்டும் தயாராக இல்லையென்றால் அந்தக் காத்திருப்பு நீளும்.

இரக்கப்பட்டு வீட்டில் ஒளித்து வைக்கும் தவற்றை மட்டும் செய்யாதீர்கள். சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவருக்கு அடைக்கலம் கொடுத்தால், 56ஆவது பிரிவின்படி ஒருவருக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம். ஆறு மாதத்திலிருந்து 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. பெர்மிட் முடிந்துவிட்டது என்று தெரிந்தால், பிடிபடும்வரை காத்திருக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள். தாமாக முன்வந்து ஊர் திரும்புகிறவர்களுக்கு அரசு அவ்வப்போது வழிவிடுகிறது. 2024 மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை நடந்த திட்டத்தில், வழக்கு இல்லாமல், 500 வெள்ளி வரையிலான தண்டத்தொகையோடு பலர் ஊர் திரும்பினார்கள்.

உங்கள் கடையிலோ வீட்டுப் பக்கத்திலோ வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் இருந்தால் இன்றே ஒன்று சொல்லுங்கள். கடப்பிதழின் முதல் பக்கம், விசா, நுழைவு முத்திரை, பெர்மிட் ஆகியவற்றைப் படம் எடுத்து நம்பிக்கையான ஒருவரின் கைபேசிக்கு அனுப்பி வைக்கட்டும். கிள்ளானில் இருந்த அந்த அண்ணனிடம் அன்றிரவு தம்பியின் கடப்பிதழ் எண்கூட இல்லை.