உணவுக் காளானின் காக்கும் ஆற்றல்

கிள்ளான் பள்ளத்தாக்கின் இரவுச் சந்தைகளில் மாவில் தோய்த்துப் பொரித்த சிப்பிக் காளானை விரும்பி வாங்குவோர் பலர். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரச் சைவ உணவகங்களிலும் காளான் பிரட்டல் பரிமாறப்படுகிறது. நாவுக்குச் சுவை தரும் இக்காளானுக்கு நோய்க்கிருமிகளைத் தடுக்கும் ஆற்றலும் உண்டா? இக்கேள்விக்கு ஆய்வாளர்கள் விடை தேடி வருகின்றனர்.

காளான் தாவரம் அன்று. அது பூஞ்சை இனத்தைச் சேர்ந்தது. அதில் பச்சையம் இல்லாததால், சூரிய ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரிக்க இயலாது. மட்கும் மரம், சருகு முதலியவற்றிலிருந்து சத்தை உறிஞ்சி வாழ்கிறது. நம் நாட்டில் பால்மரத் தூளுடன் தவிடும் சிறிது சுண்ணாம்பும் கலந்து, பைகளில் அடைத்து, காளான் வளர்க்கின்றனர். அப்பைகளை முதலில் நீராவியில் வேகவைத்த பிறகே காளான் வித்தை இடுவர். இல்லையெனில், பாக்டீரியாவும் வேறு பூஞ்சைகளும் முந்திக்கொண்டு பையை நிரப்பிவிடும்.

காட்டிலோ வேகவைத்துக் கொடுப்பார் யாருமில்லை. ஒரே மரக்கட்டைக்காகப் பல நுண்ணுயிர்கள் போட்டியிடுகின்றன. அப்போட்டியில் நிலைத்திருக்க, பூஞ்சைகள் பல எதிரிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் வேதிப்பொருள்களை உருவாக்குகின்றன. 1928ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பென்சிலினும் பூஞ்சணம் ஒன்றிலிருந்து கிடைத்ததே. இன்று பழைய மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகி வருகின்றன. ஆகவே, புதிய மருந்துப் பொருள்களைத் தேடும் ஆய்வாளர்களின் பார்வை காளான் மீதும் விழுந்துள்ளது.

காளானின் மற்றோர் ஆற்றல் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுப்பதாகும். வெட்டிவைத்த ஆப்பிள் சிறிது நேரத்தில் பழுப்பாகிறது. எலுமிச்சைச் சாறு தடவினால் அம்மாற்றம் தாமதமாகிறது. நம் உடலிலும் உணவிலிருந்து ஆற்றல் உருவாகும்போது நிலையற்ற மூலக்கூறுகள் சில தோன்றுகின்றன. அவை அளவுக்கு மீறினால் உயிரணுக்கள் பாதிப்படையும். அவற்றை அடக்கும் பொருள்களே ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்கள். காளானில் உள்ள ஃபீனால் சேர்மங்களும் எர்கோதயனின் என்னும் பொருளும் இவ்வகையைச் சேர்ந்தவை.

கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் காளான் ஆய்வு நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. அதில் முன்னின்று உழைத்தவர்களுள் பேராசிரியர் விக்னேஸ்வரி சபாரத்னம் ஒருவர். அவரும் வோங் கா ஹுய், நூர்லிடா அப்துல்லா, உமா ராணி குப்புசாமி, முரளி நாயுடு ஆகியோரும் இணைந்து செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. வெண்ணிற இழைகள் தொங்கும் சிங்கப்பிடரிக் காளானை அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். சீனர்களின் சைவ உணவில் இடம்பெறும் காளான் அது.

இத்தகைய ஆய்வுகளில் முதலில் காளானைக் கரைப்பானில் ஊறவைத்துச் சாறு எடுப்பர். கிருமி வளர்க்கப்பட்ட தட்டில் அச்சாற்றை இடுவர். சாற்றைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தோன்றினால், அதற்குத் தடுப்பாற்றல் உண்டு என்பது புலப்படும். ஆக்ஸிஜனேற்றத் தடுப்பை அறிய ஊதா நிறக் கரைசல் ஒன்றில் சாற்றைக் கலப்பர். ஊதா நிறம் மங்கி மஞ்சளாக மாறுமளவுக்குச் சாற்றின் ஆற்றல் மிகுதி.

புதிய காளானே சிறந்தது என்று நாம் எண்ணக்கூடும். ஆனால், அடுப்பில் உலர்த்திய காளானின் சாற்றில் ஃபீனால் சேர்மங்கள் நிறைந்திருந்ததை அவ்வாய்வு காட்டியது. வளர்க்கும் முறையும் பதப்படுத்தும் முறையும் காளானின் ஆற்றலை மாற்றுகின்றன என்பது இதிலிருந்து விளங்குகிறது.

எனினும், ஆய்வகத் தட்டும் மனித உடலும் ஒன்றல்ல. தட்டில் இடப்படுவது செறிவூட்டப்பட்ட சாறு. நாம் உண்ணும் குழம்பிலோ வயிற்றில் செரித்து மாறும் உணவுதான் இருக்கிறது. ஒரு சாறு மருந்தாவதற்கு முன், அது பாதுகாப்பானதா, எவ்வளவு தேவை, நோயாளிக்குப் பயன் தருகிறதா என்பனவெல்லாம் மனிதர்களிடம் சோதித்து உறுதிசெய்யப்பட வேண்டும். ஆகவே, விளம்பரத்தை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டுக் காளான் மாத்திரையை உண்பது ஆபத்தானது. அதேபோல், மழைக்குப் பின் புல்வெளியில் முளைக்கும் காளானைப் பறித்துச் சமைப்பதும் உயிருக்கு உலை வைக்கலாம். நச்சுக் காளானும் உணவுக் காளானைப் போலவே தோன்றும். சமைத்தாலும் கொடிய நஞ்சுகள் சில அழிவதில்லை.

காளான் நல்ல உணவு. நாளை ஒரு நல்ல மருந்துக்கும் அது மூலமாகலாம். இன்று உணவாக உண்போம். மருந்தாகும் நாளை ஆய்வு உறுதிசெய்யட்டும்.