முடி சூடுமுன் மறைந்த மோட்டார் வீரர்

பந்தயத்தில் முந்தியவருக்கு மாலை சூட்டுவது உலக வழக்கு. ஆனால் மாலையை ஏற்க வேண்டியவர் உலகில் இல்லாமல், அவருடைய மனைவியின் கையில் கோப்பையை ஒப்படைக்க நேர்ந்ததும் உண்டு. மோட்டார் பந்தயத்தின் உலகச் சாம்பியன் பட்ட வரலாற்றில் அது ஒரே ஒரு முறைதான் நிகழ்ந்துள்ளது. 1970-ஆம் ஆண்டின் பட்டம் யோக்கன் ரிண்ட் என்னும் வீரருக்கே உரியது என்று உறுதியான நாளில், அவர் மறைந்து ஏறத்தாழ ஒரு மாதம் ஆகியிருந்தது. மறைந்தபோது அவருக்கு வயது 28.

வேகத்தின் மீது வேட்கை கொண்ட இளைஞர் இல்லாத வீடு இன்று அரிது. ஊரை விட்டுத் தொலைவில் குடியேறி, பிள்ளைகளின் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். ஆகவே இவ்வீரரின் வரலாற்றை நம் இல்லங்களில் பெரியோரும் இளையோரும் சேர்ந்து படிப்பது நலம் எனக் கருதுகிறோம்.

பெற்றோரை இழந்த பிள்ளை

ரிண்ட் 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பிறந்தார். தந்தை ஜெர்மானியர், தாய் ஆஸ்திரிய நாட்டவர். மசாலாப் பொருள்களை அரைத்து விற்கும் ஆலையொன்று அக்குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிரம்பியபோது, 1943-இல் ஹாம்பர்க் நகரின் மீது பொழிந்த குண்டுமழையில் தாய் தந்தை இருவரும் மாண்டனர். தாயைப் பெற்றவர்கள் அக்குழந்தையை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகருக்குக் கொண்டு சென்று வளர்த்தனர்.

பிறந்தது ஒரு நாடு; வளர்ந்தது மற்றொரு நாடு. குடியுரிமையால் இறுதிவரை ஜெர்மானியராகவே இருந்தும், பந்தயங்களில் ஆஸ்திரியாவின் உரிமம் பெற்றே ஓட்டினார். தன்னை வளர்த்த மண்ணையே தன் மண்ணாக அவர் கொண்டார். அம்மண்ணும் அவரைத் தன் மகனாகவே கொண்டாடியது. இடம்பெயர்ந்து வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும் செய்தியன்றோ!

வளர்ந்த பின் குடும்பச் சொத்து கைக்கு வந்தது. அதைக் கொண்டு அவர் பந்தயக் கார் வாங்கினார். 1964-ஆம் ஆண்டு மே மாதத்தில், லண்டன் மாநகரின் கிறிஸ்டல் பாலஸ் திடலில் நடந்த இரண்டாம் தரப் பந்தயத்தில் முன்னாள் உலகச் சாம்பியன் கிரகாம் ஹில்லை வென்றார். அதுவரை ஆங்கிலப் பத்திரிகைகள் அறியாதிருந்த ஒரு பெயர் மறுநாள் பலர் நாவில் நின்றது. அடுத்த ஆண்டிலேயே பிரான்சு நாட்டின் லெமான் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில், அமெரிக்கரான மாஸ்டன் கிரகரியுடன் மாறி மாறி ஃபெராரி கார் ஓட்டி முதலிடம் பெற்றார். அதன் பின் ஃபெராரி நிறுவனத்தின் கார் அங்கே முதலிடம் பெற 2023-ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று என்றால், அவ்வெற்றியின் அருமை புலப்படும்.

காத்திருந்த காலம்

ஆனால் முதல் தரப் பந்தயங்களான கிராண்ட் பிரி போட்டிகளில் வெற்றி எளிதில் கிட்டவில்லை. கூப்பர் அணியில் மூன்றாண்டுகளும் பிராபாம் அணியில் ஓராண்டும் உழைத்தார். வேகம் இருந்தது, ஆனால் பொறி பழுதாகும், அல்லது கார் வலுவற்றிருக்கும். இடையே 1967-இல் ஃபின்லாந்து நாட்டுப் பந்தய வீரர் ஒருவரின் மகளான நினாவை மணந்தார். மறு ஆண்டு ஒரு மகளுக்குத் தந்தையானார்.

1969-இல் லோட்டஸ் அணியில் சேர்ந்தார். அதன் தலைவர் காலின் சாப்மன் புதுமைக்குப் பெயர் பெற்ற பொறியியல் மேதை. அவருடைய கார்கள் மிக வேகமானவை, மிக மெல்லியவையுங்கூட. அவ்வாண்டு மே மாதம் பார்சிலோனாவில் ரிண்ட் முன்னணியில் சென்றுகொண்டிருந்தபோது, காரின் மேல் உயரமாகப் பொருத்தியிருந்த இறக்கை முறிந்தது. கார் தடுப்பில் மோதிச் சிதறியது. அவர் காயத்துடன் தப்பினார். உடனே இத்தகைய இறக்கைகளைக் கண்டித்துப் பத்திரிகைகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். காரின் உறுதியில் தனக்கு நம்பிக்கை குறைந்துவருகிறது என்று சாப்மனுக்கும் தனியே எழுதினார். அச்சமில்லாதவர் என்று உலகம் புகழ்ந்த மனிதர் எழுதிய கடிதங்கள் இவை. ஆபத்தை அறியாதவர் அல்லர் அவர்.

அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் திடலில் முதல் கிராண்ட் பிரி வெற்றி வந்தது. அதே பந்தயத்தில் அவருடைய அணித் தோழர் கிரகாம் ஹில் வழியில் இறங்கிக் காரைத் தள்ளிக் கிளப்பினார். மீண்டும் ஏறியபின் இருக்கை வாரைத் தனியே பூட்டிக்கொள்ள இயலாமல் ஓட்டினார். விபத்து நேர்ந்தபோது வெளியே வீசப்பட்டு இரு கால்களும் முறிந்தன.

வெற்றிகளும் விபத்தும்

1970-ஆம் ஆண்டு ரிண்ட்டின் ஆண்டு. மே மாதம் மொனாக்கோ பந்தயத்தில் கடைசிச் சுற்றின் கடைசி வளைவு வரை ஜாக் பிராபாம் முன்னே சென்றார். பின்னே நெருங்கி வந்த ரிண்ட்டைக் கண்டு தடுமாறிய பிராபாமின் கார் வழுக்கிச் செல்ல, ரிண்ட் வென்றார். பின்னர் லோட்டஸ் 72 என்னும் புதிய காரில் நெதர்லாந்து, பிரான்சு, இங்கிலாந்து, ஜெர்மனி என நான்கு வெற்றிகளைத் தொடர்ந்து பெற்றார். ஆனால் நெதர்லாந்துப் பந்தயத்தில் அவருடைய நெருங்கிய நண்பர் பியர்ஸ் கரேஜ் தீயில் கருகி மாண்டார். வெற்றி மேடையில் ரிண்ட்டின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை, கண்ணீரே இருந்தது.

செப்டம்பர் 5, சனிக்கிழமை. இத்தாலியின் மோன்சா திடலில் மறுநாள் பந்தயத்துக்கான பயிற்சி. நேர்ப்பாதையில் வேகம் கூட்டும் பொருட்டுக் காரின் இறக்கைகள் கழற்றப்பட்டிருந்தன. பாரபாலிகா என்னும் வளைவை நெருங்கி பிரேக்கை அழுத்தியபோது கார் இடப்புறம் திரும்பி இரும்புத் தடுப்பில் மோதியது. முன்சக்கரத்தையும் பிரேக்கையும் இணைக்கும் தண்டு முறிந்ததே விபத்தின் தொடக்கம் என்றும், தடுப்பு செம்மையாக நிறுவப்படாமையே உயிரைப் பறித்தது என்றும் இத்தாலிய நீதிமன்றம் பின்னர் முடிவுகண்டது.

இன்னொன்றும் உண்டு. தோளையும் இடுப்பையும் பிணைக்கும் வார்களைப் பூட்டிய ரிண்ட், தொடைகளுக்கு இடையே பூட்ட வேண்டிய வாரைப் பூட்டுவதில்லை. தீப்பிடித்தால் விரைந்து வெளியேற வேண்டும் என்பது அவர் எண்ணம். மோதிய வேகத்தில் உடல் கீழே சரிந்தது. காக்க வேண்டிய வாரே கழுத்தைத் தாக்கியது. பாதி பூட்டிய பாதுகாப்பு பாதுகாப்பாகாமற் போயிற்று.

அவர் பெற்றிருந்த புள்ளிகள் 45. ஃபெராரி அணியின் ஜாக்கி இக்ஸ் எஞ்சியிருந்த பந்தயங்களை எல்லாம் வென்றிருந்தால் அவரை முந்தியிருக்கலாம். அக்டோபர் 4-இல் வாட்கின்ஸ் கிளெனில் இக்ஸ் நான்காவதாக வந்தார். அங்கே வென்றவர், ரிண்ட்டின் லோட்டஸ் அணியிலேயே புதிதாகச் சேர்ந்திருந்த பிரேசில் இளைஞர் எமர்சன் ஃபிட்டிபால்டி. தோழரின் பட்டத்தைத் தோழரே காத்துக் கொடுத்தார். இறந்தவரை முந்திப் பட்டம் பெறாததில் தமக்கு நிம்மதியே என்று இக்ஸ் பின்னாளில் கூறியது அவருடைய பெருந்தன்மைக்குச் சான்று.

நாம் கொள்ளும் பாடம்

கிராட்ஸ் நகரின் கல்லறைத் தோட்டத்தில் ரிண்ட் துயில்கிறார். 60 கிராண்ட் பிரி பந்தயங்கள், 6 வெற்றிகள், ஒரு பட்டம், இரண்டு வயது மகள் – அவர் விட்டுச் சென்ற கணக்கு இவ்வளவே. அவரைக் கண்டு வளர்ந்த தலைமுறையிலிருந்து நிக்கி லௌடா எழுந்து, பின்னாளில் மும்முறை உலகச் சாம்பியன் ஆனார்.

பந்தயத் திடலில் தடுப்பு உண்டு, மருத்துவர் உண்டு, எதிரே வரும் வண்டி இல்லை. அங்கேயே இவ்வாறெனில் நம் சாலைகளை என்னென்பது! 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்கிறது அரசின் கணக்கு. அவர்களுள் இருக்கை வார் அணியாதோர் 16,715 பேர். ஏறத்தாழப் பாதிப் பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்லர், உடன் அமர்ந்து சென்றவர்கள்.

பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் இரவெல்லாம் காரோட்டிச் சொந்த ஊர் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே பல. புறப்படுமுன் பின்னிருக்கையில் அமரும் பாட்டியும் பேரனுங்கூட வாரை முழுமையாகப் பூட்டியிருக்கிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள். நம் ஊர்த் திண்ணையில் காத்திருப்போருக்கு நாம் எத்தனை மணிக்கு வந்தோம் என்பது பெரிதன்று. வந்து சேர்ந்தோம் என்பதே பெரிது.