குருதியில் காணும் குறிகள்

‘க’ என்னும் எழுத்தின் மேல் ஒரு புள்ளியை இட்டால் அது ‘க்’ ஆகிறது. எழுத்தின் வடிவம் சிதைவதில்லை. அகர ஒலி மட்டும் அடங்கிவிடுகிறது. நம் உடலின் உயிரணுக்களிலும் இத்தகைய புள்ளிகள் உள.

உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கே எழுத்துக்களால் எழுதப்பெற்ற நூல் அஃது எனலாம். அவற்றுள் சைட்டோசின் மீது, ஒரு கரி அணுவும் மூன்று ஹைடிரஜன் அணுக்களும் கூடிய மெத்தில் தொகுதி சிற்சில இடங்களில் வந்து ஒட்டிக்கொள்கிறது. இதனை மெத்திலேற்றம் என்பர். ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இக்குறிகள் மிகுந்தால், அம்மரபணு பெரும்பாலும் செயலற்று அடங்கிவிடும். கண்ணின் உயிரணுவும் கல்லீரலின் உயிரணுவும் ஒரே நூலை வைத்துக்கொண்டு வெவ்வேறு தொழில் செய்வதற்கு இக்குறிகளும் ஒரு காரணமாகும்.

இவை என்றும் மாறாதன அல்ல. முதுமையும் பழக்கமும் இவற்றை மாற்றும். புகை பிடிப்போர் குருதியில் ஒரு மரபணுவின் மேலுள்ள குறிகள் குறைந்து காணப்படுகின்றன. அப்பழக்கத்தைக் கைவிட்டபின், ஆண்டுக்கணக்கில் அவை சிறிது சிறிதாக மீள்கின்றன. புகையை விட்டுவிட்டேன் என்று ஒருவர் வாய் சொல்வதைக் காட்டிலும் அவர் குருதி உண்மையாகச் சொல்லும் போலும்!

எனின், மார்பகப் புற்றுநோய் வரவிருப்பதையும் குருதி முன்கூட்டி உரைக்குமோ? இவ்வினாவிற்கு விடை காண்பது எளிதன்று. நோயுற்ற பெண்ணின் குருதியை ஆராய்ந்தால், அதிற் காணும் மாற்றம் நோய்க்கு முன்னரே இருந்ததா, நோயாலோ மருந்தாலோ பின்னர் விளைந்ததா என்பது தெரியாது. ஆகவே, நலமாக இருக்கும்போதே குருதியைப் பெற்று, உறைய வைத்துப் பல்லாண்டு காத்திருத்தல் வேண்டும்.

அமெரிக்க நாட்டில் அவ்வாறே காத்திருந்தனர். 2003 முதல் 2009 வரை, அந்நாட்டிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் வாழ்ந்த 50,000க்கு மேற்பட்ட பெண்கள் ‘சகோதரியர் ஆய்வு’ என்னும் ஆராய்ச்சியிற் சேர்ந்தனர். 35 முதல் 74 வரை அகவையுடைய அவர்களுள் எவருக்கும் அப்போது மார்பகப் புற்றுநோய் இல்லை. ஆயின், ஒவ்வொருவருடைய உடன்பிறந்தாளுக்கும் அது வந்திருந்தது. தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் கண்ட பெண்ணுக்கு, அது வரக்கூடிய வாய்ப்பு ஏனையோரினும் ஏறத்தாழ இருமடங்காகும். அடுத்தது தாமோ என்னும் அச்சத்திற்கு இடமிருந்த அப்பெண்கள் கை நீட்டிக் குருதி தந்தனர்.

ஆண்டுகள் சில சென்றன. அவர்களுட் சிலர் நோயுற்றனர். உறைய வைத்திருந்த குருதியை எடுத்து ஆராய்ந்தபோது, நோயுற்றோர்க்கும் நலமாயிருந்தோர்க்கும் இடையே மெத்தில் குறிகளில் வேறுபாடுகள் தென்பட்டன. ஆனால், அவை மிகச் சிறியன. செங்குருதியணுவிற்கு உட்கரு இல்லை ஆதலின், ஆராயப்படுவது வெள்ளணுக்களின் டி.என்.ஏ. ஆகும். வெள்ளணுக்களோ பல வகையின; வகைதோறும் குறிகள் வேறு. ஒரு காய்ச்சல் வந்தாலும் அவ்வகைகளின் அளவு மாறிவிடும். கண்ட வேறுபாடு புற்றுநோயைப் பற்றியதா, காய்ச்சலைப் பற்றியதா என்று பிரித்தறிவது பெரும்பாடு. ஓர் ஆய்விற் கண்ட குறிகள் பல, மற்றோர் ஆய்விற் காணாமற் போயின.

‘உனக்கு நோய் வரும்’ என்று பிழையாகச் சொன்னால், நலமுடைய பெண் வாழ்நாளெல்லாம் அஞ்சிக் கிடப்பாள். ‘வாராது’ என்று பிழையாகச் சொன்னால், கட்டி தோன்றியும் வாளா இருந்துவிடுவாள். பின்னதே பெருங்கேடு என்பது என் கருத்து. ஆதலின் மருத்துவர் இக்குறிகளைக் கொண்டு தனியொரு பெண்ணுக்குத் தீர்ப்புக் கூறுவதில்லை. மார்பக எக்ஸ்ரே படத்தையே இன்றும் நாடுகின்றனர். சகோதரியர் தந்த குருதியோ இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.