பந்தயக் குதிரையும் பணம் கட்டுவோர் சந்தேகமும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தருகே, இன்று பழைய காயல் என வழங்கும் ஊரின் பகுதியில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்மஸ், கிஷ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து வந்த மரக்கலங்கள் குதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தன. ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்பக் கிஷ் தீவின் அதிபதி ஒப்புக்கொண்டிருந்தார் என்றும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் என்றும், கடல் வழியில் மாண்ட குதிரைக்கும் பாண்டியர் பொக்கிஷமே பணம் கொடுத்தது என்றும் பாரசீக சரித்திர ஆசிரியர் வஸ்ஸாப் எழுதியிருக்கிறார். இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோவோ, சோறும் இறைச்சியும் தின்று குதிரைகள் இங்கே மடிவதைக் கண்டு, அவை சாகச்சாக விற்பனை பெருகும் என்பதால் குதிரை வைத்தியர் எவரும் இந்நாட்டுக்கு வராதபடி வியாபாரிகளே தடுத்துவிடுகிறார்கள் என்று குற்றம் சாட்டுகிறார். குதிரையின் தேகநிலையை அறிந்தவன் ஒருவனும் அதற்குப் பணம் கொடுப்பவன் வேறொருவனுமாக இருக்குமிடத்தில் சந்தேகம் முளைப்பது இயல்பு. நரியைப் பரியாக்கிய திருவிளையாடலைக் கேட்டு வளர்ந்த நமக்கு அதை விளக்கவேண்டியதில்லை.

1777-இல் தோன்றிய சென்னைக் கிண்டிக் குதிரைப் பந்தய மைதானத்திலும் இதே சந்தேகம் பயிற்சியாளர்மேல் திரும்பியது. அதற்கு வித்திடுவது பந்தய விதியே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எல்லாக் குதிரைகளும் ஏறக்குறைய ஒன்றாக இலக்கை எட்டவேண்டும் என்ற உத்தேசத்தில், ஒவ்வொன்றின் முந்தைய ஓட்டத்தையும் ஆராய்ந்து அதற்கு ஒரு மதிப்பெண் தருகிறார்கள். ஒரு புள்ளி கூடினால் அரைக் கிலோ பாரம் கூடுகிறது. ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தின் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகி, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் சேணத்தோடு அவரைத் தராசில் உட்காரவைத்து நிறுக்கிறார்கள். தோற்கத் தோற்க மதிப்பெண் இறங்குகிறது, பாரமும் குறைகிறது. ஆகவே, குறுந்தூரக் குதிரையை நெடுந்தூர ஓட்டத்தில் விட்டோ, உடல் முழுத் தேர்ச்சி பெறுமுன் ஓடவிட்டோ, சில தோல்விகளைச் சம்பாதித்துக்கொண்டு, பாரம் குறைந்து, ஜெயித்தால் கிடைக்கும் பந்தயத் தொகை ஏறிய ஒரு நாளில் வெற்றியை அறுவடை செய்ய ஒரு பயிற்சியாளர் நினைத்தால், மருந்தோ மாயமோ அவருக்குத் தேவையில்லை.

ஆயினும் தோல்விகள் யாவும் சூழ்ச்சியல்ல. ஓய்வில் நிமிஷத்துக்கு நாற்பதுக்கும் குறைவாகத் துடிக்கும் குதிரையின் இருதயம் முழு வேகத்தில் இருநூறைத் தாண்டுகிறது. நாலுகால் பாய்ச்சலில் அது பாய்ச்சலுக்கு ஒரு மூச்சாகவே சுவாசிக்கிறது. அந்த அழுத்தத்தில் நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெடித்து ரத்தம் கசிவது சர்வசாதாரணம். மூக்கில் ரத்தம் தெரிவது மிகச் சிலவற்றுக்கே. மற்றவற்றில் வைத்தியர் குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்த்தால்தான் புலப்படும். இவ்வாறு மூச்சுத் திணறிப் பின்தங்கிய குதிரையும், கடிவாளத்தை இழுத்துப்பிடித்ததால் பின்தங்கிய குதிரையும் பணம் கட்டியவன் கண்ணுக்கு ஒன்றேதான்.

குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு 1974-இல் இயற்றிய சட்டம் குறித்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம், இப்பந்தயம் அதிர்ஷ்டத்தைவிடச் சாமர்த்தியத்தையே பெரிதும் சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் குதிரையின் உண்மை நிலை லாயத்துக்குள்ளேயே அடைபட்டிருந்தால், வெளியே நிற்பவன் எதைக்கொண்டு சாமர்த்தியம் காட்டுவான்? காலைப் பயிற்சியின் நேரக்கணக்கைப் பத்திரிகைகள் வெளியிடுவதும், திடீரென ஓட்டம் மாறினால் பந்தயத்தைக் கண்காணிக்கும் ஸ்டூவர்டுகள் பயிற்சியாளரை அழைத்து விளக்கம் கேட்பதும், ஜெயித்த குதிரையின் சிறுநீரையும் ரத்தத்தையும் சோதிப்பதும் நல்ல ஏற்பாடுகளே. எனினும் அவை போதா. ஹாங்காங்கில் குதிரைகளின் வைத்தியக் குறிப்புகளை, எந்தத் தேதியில் ரத்தம் கசிந்தது, எந்தக் கால் நொண்டியது என்பது உட்பட, பணம் கட்டும் எவரும் படிக்கும்படி முன்கூட்டியே வெளியிட்டுவிடுகிறார்கள். பந்தயம் நடக்கும் இடந்தோறும் இவ்வழக்கம் வரவேண்டும்.