அறிவியல் வகுப்பில் வாசிப்பு

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டு பரவிய அறிவொளி இயக்கம், மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத் தொண்டர்களும் இணைந்து ஆற்றிய எழுத்தறிவுப் பணியாகும். அறிவியலையும் எழுத்தையும் ஒன்றாகக் கண்ட அப்பார்வை வகுப்பறைக்குள் இன்னும் முழுமையாக வரவில்லை என்பது வருந்தத்தக்கது. வாசிக்கக் கற்பிப்பது தமிழாசிரியரின் பொறுப்பு என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் கதையைச் சரளமாகப் படிக்கும் மாணவரும் அறிவியல் பாடநூலில் தடுமாறுவதுண்டு.

எடுத்துக்காட்டாக, நிலக்கடலையின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாவரம் பயன்படுத்தத்தக்க சேர்மமாக மாற்றுகிறது. இதுவே நைட்ரஜன் நிலைநிறுத்தம். பாடநூலில் இது ஒற்றை வாக்கியமாகச் சுருங்கும்போது, இடம், உயிரி, மூலப்பொருள், விளைபொருள் என நான்கு செய்திகள் அதனுள் நெருங்கிக் கிடக்கின்றன. மாற்றுவது எது, மாறுவது எது என்று வினவி, வாக்கியத்தைப் பிரித்துப் படிக்கச் செய்து, ஒவ்வொரு பகுதியையும் நைட்ரஜன் சுழற்சிப் படத்தின் அம்புக்குறிகளோடு பொருத்திக் காட்டும் ஆசிரியர் அறிவியலையும் வாசிப்பையும் ஒருசேரக் கற்பிக்கிறார். இதற்குத் தனிப் பாடவேளை வேண்டியதில்லை.

2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புகளின் அடிப்படை வாசிப்பைக் கவனிக்கிறது. பாடநூலின் மொழி இறுகத் தொடங்கும் ஆறாம் வகுப்புக்கு மேல் அப்பயிற்சியைத் தொடரவேண்டியவர் அறிவியல் ஆசிரியரே.