வந்தால், வந்திருந்தால்

ஆங்கில இலக்கணத்தில் நம் பிள்ளைகள் விடாமல் தடுக்கி விழும் இடம் ‘இஃப்’ வாக்கியம். முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறோம். கோடிட்ட இடத்தை நிரப்ப அது போதும். பேச வாயெடுத்தால் ‘இஃப் இட் வில் ரெயின்’ என்றுதான் வருகிறது. தமிழ் குறுக்கே வருவதால் வந்த வினை என்பார்கள். தமிழைச் சரியாகத் துணைக்கு அழைக்காததால் வந்தது என்பேன் நான். ‘நாளை மழை வந்தால்’ என்கிறோம். நாளை நடக்கக்கூடியதைச் சொல்லும் வினைக்குள் இருப்பது ‘வந்த்’ என்ற இறந்தகால வடிவம். படித்தால், போனால் எல்லாமே அப்படித்தான். ‘வருவால்’ என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. பழைய ‘வரின்’, ‘செயின்’ வடிவங்களில் இறந்தகாலக் குறி இல்லையே என்று இலக்கணம் அறிந்தவர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் நன்னூல் எதிர்கால வினையெச்சங்களோடு சேர்த்த அந்தச் ‘செயின்’ செய்த வேலையை இன்று செய்வது ‘செய்தால்’. வடிவம் ஒரு காலம், பொருள் இன்னொரு காலம் என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம். ‘இஃப் ஐ ஹேட் மணி’ என்பது இன்றைய காலிப் பையைப் பற்றிய பேச்சு என்றால் நாம் ஏன் திகைக்க வேண்டும்? ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்பதும் ‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்’ என்பதும் உறுப்புக்கு உறுப்பு பொருந்துகின்றன.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ‘நேரம் இருந்தால் வருவேன்’ என்பவர் வரவும் கூடும். வர வழியில்லை என்று நாசூக்காகச் சொல்லவும் கூடும். தமிழில் குரலும் சூழலும் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலம் வினையிலேயே முடிவு கேட்கிறது: ‘இஃப் ஐ ஹேவ் டைம், ஐ வில் கம்’ என்றால் கதவு திறந்திருக்கிறது, ‘இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் கம்’ என்றால் பெரும்பாலும் மூடிவிட்டது. மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் இது மாறினால், வரத் தயாராக இருப்பவர் மறுத்துவிட்டதாக ஆகிவிடும். வகுப்பின் நேரமெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டுக்கே போகவேண்டும்: நடக்கக்கூடியதா, இல்லாததைக் கற்பனை செய்கிறோமா?

ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே யோசிக்கப் பழக்க வேண்டும், தமிழ் வழியாகப் போனால் சரளம் வராது என்ற மறுப்பை ஒதுக்க முடியாது. சேரவேண்டிய இடம் அதுதான். ஆனால் வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைக்கு வேறுபாட்டை ஒருமுறை தமிழில் விளக்கிவிட்டு, பிறகு ஆங்கிலத்திலேயே பேசிப் பழக விடுவதுதான் குறுக்குவழி. விருப்பம் சொல்வதற்கும் ‘நடக்கக்கூடியதா, கற்பனையா’ என்ற அதே கேள்வி உதவும். ‘பாஸ் ஆனால் நன்றாக இருக்கும்’ என்பது நடக்கக்கூடியது. அங்கே ‘ஐ ஹோப்’ போதும், ‘ஐ விஷ் ஐ வில் பாஸ்’ பிழை. ‘இன்னும் படித்திருக்கலாம்’ என்ற ஏக்கத்துக்குத்தான் ‘ஐ விஷ் ஐ ஹேட் ஸ்டடீட் மோர்’. ‘ஐ விஷ் யூ வுட் லிசன்’ என்பதிலோ ஆசையைவிடச் சலிப்பே அதிகம்: ‘சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாயே’.